மணிமேகலை எங்கே?

2023-இல் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் பார்க்க, கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கினோம். நாவலைப் படித்திருந்த எனக்கு ஏமாற்றமே.

வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கரிகாலனைக் கொன்றது தானே என்று சொல்லி, கடைசியில் அவன் மடியில் உயிர்விடும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை! பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் அரியணை ஏறும் திருப்பமும் இல்லை. கல்கியின் ஐந்து பாகங்களை இரு படங்களில், ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவது கடினம்தான். ரஹ்மான் இசையிலும் குறையில்லை. ஆனால், ஒரு பாடலைக் குறைத்திருந்தால் மணிமேகலைக்கு ஒரு காட்சியாவது கிடைத்திருக்குமே!

நாவல் படிக்காத தம்பிக்குப் படம் பிடித்திருந்தது. திரும்பி மலையேறும்போது, “மணிமேகலைன்னா யாருக்கா?” என்றான். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.