வீடு வாங்குமுன் வில்லங்கம் பார்த்தல்

வீடோ மனையோ வாங்குவது, உழவர் குடும்பம் ஒன்று பல ஆண்டுகளாகச் சேமித்த பொருளை ஒரே நாளில் கைமாற்றும் காரியமாகும். விலை பேசுவதில் காட்டும் அக்கறையை, அச்சொத்தில் பிறருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வதில் பலர் காட்டுவதில்லை. ‘ஊரறிந்த வீடுதானே, இதற்கு ஏன் வீண் செலவு?’ என்று கேட்பாரும் உளர். அச்செலவு வீணானதா என்பதை இங்கே கருதிப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023ஆம் ஆண்டில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டிற்குத் தீர்வை 70,000 ரூபாயும், கட்டணம் 20,000 ரூபாயும் ஆக 90,000 ரூபாய் செலவாகிறது. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வில்லங்கம் தேடும் கட்டணமோ தேடும் ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மேற்சொன்ன தொகையில் அது மிகச் சிறு பங்கே. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்வையிடக் கட்டணமே இல்லை. இணையத்தில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து கொள்ளலாம்.

இதனை ஏன் வலியுறுத்துகிறோம்? 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அவ்வாறு பதிவான பத்திரத்தைச் சொத்து வாங்குபவர் அறிந்தவராகவே கொள்ளப்படுவார் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். பதிவேட்டில் அடமானம் இருக்க, ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னர் வாதிடுவதால் பயன் இல்லை. அசையாச் சொத்துப் பற்றிய ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில் பதிவாகின்றன. உரிய கட்டணம் செலுத்தி அதனை எவரும் பார்வையிடலாம்.

எத்தனை ஆண்டுகளுக்குத் தேடுவது? ஒத்தி வைத்தவர் தம் நிலத்தை மீட்க வழக்கிடுவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டுகள் அளித்துள்ளது. எனவே 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்ப்பதே தக்கது. தேடும்போது இன்றைய சர்வே எண்ணும் உட்பிரிவும் மட்டும் போதா. உட்பிரிவு மாறிய நிலங்களுக்குப் பழைய எண்ணையும் கொடுத்துத் தேட வேண்டும். எண் தவறினால், வில்லங்கம் இருந்தும் ‘இல்லை’ என்ற சான்றே கிடைக்கக்கூடும்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புதலும் தவறு. உயில் முதலாம் புத்தகத்தில் ஏறுவதில்லை. உயிலைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும், நடந்து வரும் வழக்கும், வரிப் பாக்கியும் அதில் தெரியாமற் போகலாம். பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கு 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தமும் உரிமை அளித்துள்ளன. சகோதரிகள் கையொப்பமிடாத விற்பனை பின்னர் வழக்கில் முடியலாம். மேலும் எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவான பின் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். நேற்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்தவர் இன்று மற்றொருவருக்கு விற்பாராயின், இன்றைய சான்று அதனைக் காட்டாது.

ஆதலின் வாங்குவோர் செய்ய வேண்டியவை சில. மூலப் பத்திரங்களின் அசலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அசல் இல்லையெனில் அது வங்கியில் ஈடாக இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பட்டா, புலப்படம் ஆகியவற்றை நிலத்துடன் ஒப்பிட வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று நேரில் கேட்க வேண்டும். பத்திரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெற வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறையும், பதிவு நாளன்று மீண்டும் ஒருமுறையும் வில்லங்கம் பார்த்தல் நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வீட்டு வரி இரசீதைக் காட்டி ‘வீடு என்னுடையது’ என்பவர் பலர். வரி இரசீது வரி செலுத்தியதற்குச் சான்றேயன்றி, உரிமைக்குச் சான்று ஆகாது. இதனைக் கிராமசபைக் கூட்டங்களில் எடுத்துரைத்தல் வேண்டும். இணையம் பழகிய இளைஞர் ஊர்தோறும் உளர். எழுத்தறியாத குடும்பத்திற்கு வில்லங்கம் பார்த்துக் கொடுக்க அவர்களை ஏற்பாடு செய்தால், அக்குடும்பம் 10 லட்சம் ரூபாயை ஒரே கையெழுத்தில் இழக்கும் துன்பத்தைத் தவிர்க்கலாம்.