மலையில் ஆறாத காயம் வீட்டுக்கு வந்ததும் ஆறுவது ஏன்?

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு ஜொகூர் பாருவுக்குத் திரும்பிட்டீங்க. பூட்ஸ் உரசி குதிகாலில் வந்த புண், அங்கே பத்து நாளாகியும் ஈரமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்த நாலஞ்சு நாளில் பொருக்கு கட்டிடுச்சு. போட்ட மருந்து அதேதான். மாறியது காற்று.

1997 மே 23-இல் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் ஆனார்கள். உச்சிக்குப் போகாவிட்டாலும், 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிவார முகாமைப் பார்த்துவிட்டு வரும் மலேசியர்கள் இன்று நிறைய பேர். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கிட்டத்தட்ட பாதி. அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதிதான்.

இதுக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்? காயத்துக்குள் நுழையும் கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்கி, ஆக்ஸிஜனிலிருந்து தயாரிக்கும் ரசாயனங்களால் கொல்கின்றன. அடுத்து, கிழிந்த தோலை இணைக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உறுதியாகவும் ஆக்ஸிஜன் வேண்டும். காயம்பட்ட இடத்தில் கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் குறைவது நல்லதுதான், அது பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கச் சொல்லும் அலாரம். நாள்கணக்கில் குறைந்தே இருந்தால், ஆளும் சாமானும் இல்லாத கட்டுமான இடம் மாதிரி வேலை இழுத்துக்கொண்டே போகும். குளிரில் ரத்தக்குழாய்கள் வேறு சுருங்கும். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்காது. மன அழுத்த ஹார்மோன்கள் ஏறும், நோய் எதிர்ப்பும் மந்தமாகும்.

கீழே இறங்கியதும் ஆக்ஸிஜன் உடனே கிடைத்துவிடும். ஆனால் உடம்பு ஒரே நாளில் பழையபடி ஆகிவிடாது. மலையில் கூடிய சிவப்பணுக்கள் குறைய சில வாரங்கள் பிடிக்கும். முதல் சில நாட்களுக்கு அசதியும் தூக்கமும் வந்தால் பயப்பட வேண்டாம், ஓய்வெடுங்க. ஜிம் காத்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஜொகூரின் புழுக்கத்தில், வியர்வை ஊறிய ஷூவுக்குள் கிருமிக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். புண்ணைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருங்க. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குப் போங்க. எங்கே போய் வந்தீங்க என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. விரல் மரத்துப்போய் வெளுத்தோ கறுத்தோ இருந்தால் அது பனிக்கடியாக இருக்கலாம். தேய்க்காதீங்க, நேராக மருத்துவமனைக்குப் போங்க.

சரி, நம்ம லேடாங் மலை? அது 1,276 மீட்டர்தான். அங்கே பட்ட கீறல் ஆறவில்லை என்றால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. 4,095 மீட்டர் கினபாலுவும் பெரும்பாலானோருக்கு இரண்டே நாள் பயணம். ஊர் திரும்பி இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லையா? ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துடுங்க. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.