அசைவே அருமருந்து

படிக்கட்டின் நடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் தந்தை. குதிகாலின் பின்புறம் வலிக்கிறதென்று காலை நடையைக் கைவிட்ட அண்ணன். இருமினாலும் தும்மினாலும் ஆடை நனைந்துவிடுமோ என்று அஞ்சி, திருமண வீடுகளுக்குக்கூடச் செல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் தாய். இம்மூவரையும் நம் இல்லங்களில் காண்கிறோம். முதலிருவரும் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்கின்றனர். மூன்றாமவரோ வெட்கத்தால் மருத்துவரிடமும் சொல்வதில்லை.

"வயதாகிவிட்டது, இனி ஓய்வுதான்" என்பது ஒரு சாராரின் கருத்து. "ஆப்பரேஷன் செய்தால்தான் தீரும்" என்பது மற்றொரு சாராரின் கருத்து. இவ்விரண்டுக்கும் நடுவே, பலருக்குப் பலனளிக்கும் வழி ஒன்று உண்டு. அதுவே இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று நாம் வழங்குவது. உடம்பு பிடித்துவிடுவதும் மின்கருவி வைப்பதுமே இம்மருத்துவம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இதன் உயிர்நாடி, அளவறிந்து செய்யும் பயிற்சியே.

முழங்கால் மூட்டு

எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்தே அது உணவு பெறுகிறது. நடக்கும்போது பஞ்சுபோல் அழுந்தியும் விரிந்தும் அந்நீரை அது உட்கொள்கிறது. ஆகவே, மூட்டைக் காப்பதாக எண்ணி அசையாதிருப்பது அதனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். மேலும், தொடையின் முன்புறத் தசை மெலிந்துவிட்டால் உடற்சுமையின் தாக்கம் முழுவதும் மூட்டின்மீதே விழும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்மானமுடைய 180 பேரிடம் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. சிலருக்குக் குழாய்க் கருவி செலுத்தி மூட்டினைச் சுத்தம் செய்தனர். வேறு சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தனர். ஈராண்டுகள் கண்காணித்தும் இரு சாராரின் வலியிலும் வேறுபாடு காணப்படவில்லை! டென்மார்க் நாட்டிலோ 2013 முதல் வேறொரு திட்டம் நடைபெறுகிறது. நோயைப் பற்றிய இரண்டு பாடங்களும், வாரம் இருமுறையாகப் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளும் அதில் அடங்கும். அத்திட்டம் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது போன்ற எளிய பயிற்சிகளே இவ்வகை வகுப்புகளுக்கு அடிப்படை.

வலித்த மருத்துவரின் கதை

தசையை எலும்போடு பிணைக்கும் கயிறே தசைநாண். குதிகாலின் பின்னுள்ள நாணில் நீடித்த வலியால் வருந்தியவர், சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன். தமக்கு அறுவை செய்யுமாறு மேலதிகாரியை வேண்டினார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, வலியையும் பொருட்படுத்தாமல் கடும் பயிற்சியில் இறங்கினார் நம் மருத்துவர். நாண் அறுபடவில்லை; வலிதான் மறைந்தது!

பின்னர் அவர் இதனை முறையாக ஆராய்ந்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரங்கள் நாள்தோறும் செய்யவைத்தார். அவ்வாறு செய்த 15 பேரும் முன்போல் ஓடத் தொடங்கினர் என்று 1998-ல் வெளியிட்டார். எல்லாருக்கும் இதே அளவு பலன் கிட்டுவதில்லை. எனினும், படிப்படியாகச் சுமை ஏற்றினால் நாண் வலுப்பெறும் என்ற உண்மை இன்று எங்கும் ஏற்கப்பட்டுள்ளது.

பேசப்படாத துன்பம்

இடுப்பெலும்பின் அடியில் தொட்டில்போல் அமைந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் தாங்கும் தசைகள் உண்டு. மகப்பேற்றாலும் முதுமையாலும் இவை தளர்கின்றன. இவற்றையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று 1948-ல் எழுதினார், அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகல்.

சிறுநீரை அடக்குவதுபோல் தசைகளை உள்நோக்கிச் சுருக்கி, சில விநாடிகள் நிறுத்தி, பின் முற்றிலும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதங்கள் செய்தல் வேண்டும் என்பது இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டி நெறி. இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுக்கு இதுவே முதற்சிகிச்சை. கருப்பை இறக்கத்தின் தொடக்க நிலையிலும் இது துன்பத்தைக் குறைக்கும். ஆனால் சிலருக்கு இத்தசைகள் தளர்வதற்கு மாறாக இறுகி வலி தருவதுண்டு. அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை. ஆதலால், பயிற்சி பெற்றவரிடம் ஒருமுறை காட்டித் தெளிந்த பின்னர் தொடங்குவதே நலம்.

எச்சரிக்கை

எல்லா வலிக்கும் பயிற்சியே தீர்வு என்று நாம் கூறவில்லை. விழுந்தபின் காலூன்ற இயலாமை, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்குதல், சிறுநீரில் இரத்தம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரை நாடுக. முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மூட்டு முற்றிலும் தேய்ந்தவர்க்குச் செயற்கை மூட்டு பெரும் நன்மையே.

பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் பலன் தெரியாது. சிறிது வலி கூடவும் செய்யலாம். அங்கேதான் பலர் கைவிடுகின்றனர். அங்கேதான் குடும்பத்தின் துணையும் தேவைப்படுகிறது. "நீங்கள் சும்மா உட்காருங்கள், அப்பா" என்று அன்பால் முடக்காமல், "வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்று கைகொடுப்போம். அம்மா ஏன் திருமண வீடுகளுக்கு வருவதில்லை என்பதையும் மகளோ மருமகளோ தனியே, கனிவோடு கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியே அவரது சிகிச்சையின் தொடக்கமாகலாம்.