இருவாச்சிக்கு வேண்டியது கிழ மரம்

பெரிய இருவாச்சியை 2018-இல் அழிவாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. வேட்டையை நிறுத்தி, காட்டின் பரப்பு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறோம். இரண்டும் தேவைதான். ஆனால் அவை இருந்தும் இந்தப் பறவை அற்றுப்போகலாம். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் மூன்று கிலோ எடையும் கொண்ட இருவாச்சியால், அத்தனை பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை அரித்துத் தானாக உண்டாகும் பொந்தில்தான் முட்டையிட முடியும். உள்ளே போன பெண் பறவை எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடுகிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சம். ஆண் பறவை தொண்டையில் அத்திப்பழங்களைச் சுமந்துவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தப் பிளவு வழியே ஊட்டுகிறது. மாதக்கணக்கில் நீளும் இந்தச் சிறைவாசத்தில் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதால், அந்த மரத்தை வெட்டினால் ஓர் இணையின் வம்சமே தடைப்படலாம்.

வெட்டிய மரத்துக்குப் பதில் பத்து நட்டால் ஆகாதா என்று கேட்கலாம். இன்று நடும் கன்றில் அப்படியொரு பொந்து விழப் பல தலைமுறை ஆகும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கிலோ இருவாச்சி தின்னும் பழமே கிடையாது. தாய்லாந்தில் செயற்கைக் கூடுகளில் குஞ்சு பொரித்திருக்கின்றன, உண்மை. மரம் குறைந்த இடத்தில் அது நல்ல கைத்தாங்கல். ஆனால் செயற்கைக் கூடு பழம் தராது. பலவகை அத்தி மரங்கள் சுற்றிலும் இருந்தாக வேண்டும். பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் போடும் இருவாச்சி இல்லாமல், பெரிய விதை கொண்ட மரங்கள் பரவுவதும் கடினம்.

பிழைப்புக்கு வழியில்லாதவர்களிடம் பறவையைக் காப்பாற்றச் சொல்வது நியாயமா என்பது கனமான கேள்வி. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே பகுதியில் நிஷி மக்களும், கேரளத்தின் வாழச்சாலில் காடர்களும் ஊதியம் பெற்று, இருவாச்சிக் கூடுள்ள மரங்களைக் காவல் காக்கிறார்கள். காட்டை அறிந்தவர்களுக்கே அந்த வேலையைக் கொடுப்பதுதான் நியாயம். வால்பாறையில் எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாய் எஞ்சிய மழைக்காடுகளில் நாட்டு மரங்களை நட்டு மீட்கும் பணியும் நடக்கிறது. அந்தக் கன்றுகள் முதிரும்வரை, பொந்து விழுந்த கிழ மரத்தைப் பட்டது, பயனற்றது என்று யாரும் வெட்டக் கூடாது. வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் அத்தகைய மரங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.