பழவேற்காட்டில் ஒரு கோடை இரவு: கூடாரத்தை எங்கே போடுவது?

முழுப்பரீட்சை லீவு விட்டதும் பட்டாபிராம் பக்கம் வருஷா வருஷம் ஒரு கேள்வி கிளம்பும். "ஊட்டி, ஏற்காடெல்லாம் ஒரே கூட்டம். பசங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்குற மாதிரி பக்கத்துல ஏதாவது இடம் இருக்கா?"

இருக்கு. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் வடக்கே மீஞ்சூர் வரை 30 கிலோமீட்டர். அங்கிருந்து பொன்னேரி, அப்புறம் பழவேற்காடு. மொத்தமே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ரயில் என்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, பொன்னேரியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். ஏரி, கடல், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், பனையோலைக் கூடை, நண்டு என்று ஒன்றரை நாளுக்குப் போதுமான ஊர்.

ஆனால் மே மாதத்தில் அங்கே போய் இறங்கியதும் கண்ணுக்கு அழகாகப் படுகிற இடம்தான் தூங்குவதற்கு ஆக ஆபத்தான இடம். ஏன் என்று புரிய, அந்த ஊரின் மணலையும் காற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் அந்த ஊரின் சரித்திரமும் பாதி புரிந்துவிடும்.

கப்பல் உள்ளே வராத துறைமுகம்

டச்சுக்காரர்கள் இங்கே வந்து கால் ஊன்றியது 1610 வாக்கில். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அவர்களுடைய தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயர்தான் கோட்டைக்கு வைத்த பெயர். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக 1690 வரை இருந்தது பழவேற்காடு. அதற்குப் பிறகுதான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து தயாரானது, ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியதும் இந்தக் கரையில்தான். கல்லறைகளைப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு பெரிய வியாபாரம் நடந்த ஊரில் கப்பல் வந்து நிற்கும் துறை கிடையாது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் காலம் வந்துவிட்டால் அந்த நங்கூரமும் பத்திரமில்லை. பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகிப் போய்விடும். கடலோரத்தில் தங்குகிறவர்கள் பருவத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அன்றைக்கே அங்கே எழுதாத விதி.

1825-ல் ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். இன்றைக்குப் புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது: 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள், வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள். பசங்க முதலில் ஓடிப்போய் நிற்பது அந்த எலும்புக்கூடுகள் முன்னால்தான்.

மணல் நடக்கிற கரை

நம்ம கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அதுவே தெற்கே போகும். வருஷக் கணக்குத் தீர்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்பியபோது இதுதான் நடந்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது.

பழவேற்காட்டில் இந்த மணல்தான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கதவு போல வேலை செய்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் வெள்ளம் முகத்துவாரத்தை அறுத்துத் திறந்துவிடும். கோடையில் ஏரியில் தண்ணீர் வற்றும், வெளியே தள்ளும் வேகம் இருக்காது, கடல் கொண்டுவரும் மணல் வாயில் படிந்து அடைக்கும். ஏரி நீர் கடலைவிட அதிகமாக உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். மீன், இறால் குஞ்சுகள் உள்ளே வர வழி இல்லாமல் போகும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வழி செய்யுங்கள் என்று மீனவர்கள் பல காலமாகக் கேட்பது இதனால்தான்.

சரி, டென்டுக்கு வருவோம். மே மாதம் நீங்கள் போகும்போது முகத்துவாரத்தை ஒட்டி அகலமாக, சுத்தமாக, புல் பூண்டு இல்லாத மணல்திட்டு ஒன்று தெரியும். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஏரி. போட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பெரும்பாலானோருக்கு அங்கேயே டென்ட் அடிக்கத்தான் தோன்றும்.

அந்தத் திட்டு சில மாதங்களுக்கு முன்பு தண்ணீராக இருந்திருக்கும். அதன் ஓரம் கெட்டியான தரை கிடையாது. அடியில் நீர் அரிக்க அரிக்கப் பாளம் பாளமாகச் சரியும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். நம்ம கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் தட்டையான மணல்திட்டில் ஒரு மீட்டர் என்பது மொத்தத் திட்டுமே. அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது வரலாம். வற்றம் தொடங்கியதும் ஏரிக்குள் ஏறிய தண்ணீர் அத்தனையும் அந்தக் குறுகிய வாய் வழியாகவே கடலுக்குப் பாயும். முழங்கால் அளவுதான் இருக்கிறது என்று இறங்கியவரை அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. "ஏரிதானே, இடுப்பளவு தண்ணிதானே" என்கிற நினைப்புதான் இங்கே பெரிய ஆபத்து. சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்றால் எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் என்று அர்த்தமில்லை. நீரோட்டம் அறுத்த கால்வாய்கள் ஆழமாக இருக்கும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோடை என்பது ஒரு காற்றின் பெயர்

பழந்தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர். வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து தென்றல், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து வருவது கோடை. இன்றைக்குப் பருவத்துக்குச் சொல்கிற அதே சொல்தான். மே மாதத்தில் நம்ம பக்கம் நடப்பதும் அந்தக் கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கிற போட்டிதான்.

வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது. கடல் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. தரைக்கு மேலே உள்ள காற்று லேசாகி எழும்ப, கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. கரையோரத்தில் இது நண்பகலை ஒட்டி ஆரம்பிக்கும். பட்டாபிராம் கடலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் அந்தக் காற்று நம்மகிட்ட வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வரும்போது களைத்துப் போயும் இருக்கும். மேல்காற்று பலமாக வீசுகிற நாளில் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 அப்படிப்பட்ட ஒரு நாள்.

ஆகவே பகலில் பழவேற்காடு நம்ம ஊரைவிட நிச்சயம் இதம். இரவு கதை வேறு. பொழுது சாய்ந்து சில மணி நேரத்தில் கடற்காற்று ஓய்ந்துவிடும். ஈரப்பதம் அப்படியே நிற்கும், வியர்வை காயாது, ஏரிப் பக்கத்துக் கொசு கிளம்பும். கதவு மூடிய நைலான் டென்டுக்குள் நாலு பேர் படுத்தால் இட்லிக் குண்டான்தான். மலைக் குளிருக்குத் தைத்த டென்ட் இங்கே உதவாது. நாலு பக்கமும் திறந்த தார்ப்பாய்ப் பந்தலும், அதன் கீழே ஆளுக்கொரு கொசுவலையும் போதும். நம்ம ஊர்க் கொட்டகை எப்படிப்பட்டதோ அதேதான்.

அப்படியானால் எங்கே, எப்படி?

ஊர்ப் பக்கத்திலேயே தங்குங்கள். உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிய தோப்போ, சுற்றுச்சுவர் உள்ள திறந்த இடமோ நல்லது. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. முகத்துவாரத்துக்கு வடக்கே இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் கெடுபிடி அதிகம். எங்கே தங்குகிறோம், எத்தனை பேர் என்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லி வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

மணல் தரையில் டென்ட் ஆணி நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதையுங்கள். பந்தலின் திறப்பு தென்கிழக்கைப் பார்க்கட்டும். சாயங்காலக் காற்று முழுசாகக் கிடைக்கும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். மாலை மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, வெயில் தாழ்ந்ததும் கல்லறைத் தோட்டமும் கோட்டை மேடும். விடியற்காலை பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் பக்கம் கடற்கரை. எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலை விட்டு யாரும் அசையக் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் குடிநீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது உத்தமம்; கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். வியர்ப்பது நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

கடற்கரையில் இரவு பெரிய விளக்குப் போடாதீர்கள். தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சுகள் சித்திரை, வைகாசியிலும் வெளிவரும். வெளிச்சம் கடல் பக்கம்தான் இருக்கும் என்று நம்பி நடக்கிற குஞ்சு உங்கள் விளக்கை நோக்கி வந்து வீணாகச் செத்துப்போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை, சிறு படகுகள் போய் வரும். அதனால் நண்டும் இறாலும் கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கலாம், பேரம் ரொம்பப் பேச வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் முடைகிற பனையோலைக் கூடை ஒன்றும் வாங்கி வரலாம்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி. அந்த நாட்களையும் அதற்கு அடுத்த இரண்டு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு, வானிலை மையமும் ஹைதராபாத் இன்காய்ஸும் வெளியிடும் கடல் எச்சரிக்கை. மே மாதத்தில் புயல் வராது என்று நினைக்க வேண்டாம். 2010-ல் லைலா, 2016-ல் ரோனு, இரண்டுமே மே மாதம்தான் நம்ம கரையோரமாகப் போயின. எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 60 கிலோமீட்டர்தானே, அடுத்த வாரம் போகலாம்.