காளான் கட்லெட்டும் அதன் சத்துக் கணக்கும்

தில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள வசந்த விகாரில், 1996ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாளன்று, மெக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் தன் முதல் உணவகத்தைத் திறந்தது. மாட்டிறைச்சித் தட்டை இரு பன் துண்டுகளுக்கிடையே வைத்து விற்றே உலகெங்கும் பெயர் பெற்ற அந்நிறுவனம், இங்கு மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் அறவே விலக்கியே கடை நடத்த வேண்டியதாயிற்று. பின்னர் இந்நாட்டில் அதற்கு மிகுந்த விற்பனையைத் தேடித் தந்தது உருளைக்கிழங்கு டிக்கியே ஆகும். சாந்தினி சௌக்கின் தெருவோரங்களில் அகன்ற இரும்புக் கல்லில் நெடுங்காலமாக வெந்து வந்த அதே டிக்கிதான் பன்னுக்குள் புகுந்தது. தமிழர் கட்லெட் என்று வழங்குவதற்கும் அதற்கும் வேற்றுமை மிகச் சிறிது.

உருளைக்கிழங்கு டிக்கி வயிற்றை நிரப்பும். ஆனால் பல்லுக்கு வேலை தராது. இறைச்சியை விலக்கியவரும், இறைச்சி விலையைத் தாங்க இயலாதவரும், அதன் மணத்தையும் மென்று தின்னும் தன்மையையும் ஓரளவேனும் விரும்பும்போது காளானை நாடுகின்றனர். மேல்நாடுகளிலும் இம்முயற்சி புதிதன்று. இலண்டனில் கிரகரி சாம்ஸ் என்பார் 1982இலேயே இறைச்சியற்ற பர்கரை ‘வெஜிபர்கர்’ என்ற பெயருடன் விற்பனைக்குக் கொணர்ந்தார். பர்கர் என்னும் சொல்லே ஹாம்பர்க் என்ற ஜெர்மானிய நகரின் பெயரிலிருந்து வந்தது. அதன் முதற் பகுதியாகிய ‘ஹாம்’ என்பதற்கும் பன்றித் தொடைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை, மாணவர் வினவினால் ஆசிரியர் தயங்காமல் கூறலாம்.

காளான் இறைச்சிக்கு ஈடாகுமா என்பது களப்பணியாளரிடம் அடிக்கடி எழுப்பப்படும் வினா. சுவையிலும் பதத்திலும் பெரிதும் ஈடாகும். புரதத்தில் ஈடாகாது என்பதே இதற்குரிய நேர்மையான விடை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யப்படும் பிரசாரத்தால், குழந்தைகளின் தட்டிலிருந்து பருப்பு குறைந்து காளான் மட்டும் மிஞ்சும் நிலை ஏற்படக் கூடும். ஆதலின் இக்கணக்கைச் சற்று விரிவாகவே காண்போம்.

புதிய மொட்டுக் காளானில் 100 பங்குக்கு 90 பங்குக்கும் மேலாகத் தண்ணீரே உள்ளது. புரதம் 100 கிராமுக்கு 3 கிராமை ஒட்டியே அமையும். ஆயினும் சில துண்டுப் பிரசுரங்களில் 30 சதவிகிதம், 35 சதவிகிதம் என்றெல்லாம் எண்கள் காணப்படுகின்றன. இவை தண்ணீரை முற்றிலும் நீக்கிய உலர் எடைக்குரியவை. அவற்றிலும் ஒரு நுட்பமான பிழை மறைந்திருப்பது உண்டு. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணிப்பது இரசாயன சாலைகளின் வழக்கம். காளானிலோ நைட்ரஜனின் ஒரு பகுதி புரதத்தில் அன்றி, உயிரணுச் சுவரிலுள்ள கைட்டின் முதலிய பொருள்களில் அடங்கியுள்ளது. அப்பகுதி நமக்குப் புரதமாகப் பயன்படுவதில்லை. எனவேதான் காளானுக்கு 4.38 என்னும் சிறிய பெருக்கெண்ணை ஆராய்ச்சியாளர் மேற்கொள்கின்றனர். எண்ணைக் கண்டவுடன் அது எந்த எடைக்கு, எந்தப் பெருக்கெண்ணுக்கு என்று கேட்கும் பழக்கம் மாணவரிடம் வளர்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

புரதம் பெறுவதற்கு இடையூறாக நிற்கும் அதே கைட்டின்தான் காளானின் பதத்துக்குக் காரணமாகும். காய்கறிகளை நெடுநேரம் வேகவைத்தால் அவற்றின் உயிரணுக்களைப் பிணைக்கும் பெக்டின் கரைந்து குழைகின்றன; இறைச்சியைச் சுட்டால் அதன் புரதம் சுருங்கி இறுகுகின்றது. காளானின் சுவர் வெப்பத்துக்கு எளிதில் இளகுவதில்லை. அதனால் ஐந்து நிமிடம் வதக்கினாலும் அரைமணி வதக்கினாலும் அது குழைவதுமில்லை, தோல்போல் விறைப்பதுமில்லை. சமையலுக்குப் புதியவர் முதன்முதலில் எடுத்துப் பழக இதனினும் இணக்கமான பொருள் இல்லை எனலாம்.

சுவைக்கும் தக்க காரணம் உண்டு. டோக்கியோவில் கிகுனே இக்கேடா என்ற பேராசிரியர் 1908இல் கடற்பாசிச் சாற்றின் சுவையை ஆராய்ந்து, குளுட்டாமிக் அமிலத்தின் உப்பே அதற்குக் காரணம் எனக் கண்டார். இறைச்சிச் சாற்றிலும் முற்றிய தக்காளியிலும் நாம் உணரும் ஆழ்ந்த சுவை இதுவே. பின்னர் 1957இல் அகிரா குனினாகா என்பார், குவானிலிக் அமிலத்தின் உப்பும் அத்தகைய சுவை தருவதை அறிந்தார். ஜப்பானியர் உலர்த்திப் பயன்படுத்தும் ஷிட்டேக் காளானில் அது மிகுதியாக உள்ளது. இவ்விரண்டும் ஒன்று சேரும்போது சுவை கூட்டுத்தொகையாக அன்றிப் பன்மடங்காக உயர்கின்றது. காளானில் இரண்டுமே இயல்பாக உள்ளன.

தில்லியில் மொட்டுக் காளானுக்குரிய பருவம் குளிர்காலமாகும். இக்காளான் முளைவிட்டு வளர 14 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பநிலை வேண்டும். தலைநகரை அடுத்துள்ள அரியானாவின் சோனிப்பட்டுப் பகுதி விவசாயிகள், இயற்கை தரும் இக்குளிரையே நம்பி, மூங்கிலும் வைக்கோலும் கொண்டு வேய்ந்த கொட்டகைகளில் கோதுமை வைக்கோல் உரத்தை அடுக்கடுக்காகப் பரப்பிப் பயிரிடுகின்றனர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரத்து பெருகி விலை இறங்கும். அதுவே இல்லத்தரசிகள் கட்லெட் செய்வதற்கு ஏற்ற காலம். விவசாயிக்கோ அதுவே கவலைக்குரிய காலம். வாங்கும்போது பாலைப் போன்ற வெண்மையைத் தேட வேண்டியதில்லை. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலந்த நீரில் கழுவி வெண்மையூட்டும் பழக்கம் சந்தைக்கு அனுப்புவோரிடையே உண்டு. இயற்கையான காளான் சற்றே மங்கலான நிறமுடையது. குடை விரியாமலும், தொட்டால் வழவழப்பின்றி உறுதியாகவும் இருத்தலே புதுமைக்கு அடையாளம்.

மழைக்காலத்தில் தானே முளைக்கும் காளானை எடுத்து இதற்குப் பயன்படுத்துதல் ஒருபோதும் கூடாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அஸ்ஸாமின் கிழக்கு மாவட்டங்களில் காட்டுக் காளானை உண்ட 13 பேர் உயிரிழந்தனர். கொடிய இனங்களிலுள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு வேகவைப்பதாலோ உலர்த்துவதாலோ அழிவதில்லை. வெள்ளிக் கரண்டி கறுக்கும், மஞ்சள் நிறம் மாறும், பூச்சி அரித்த காளான் தீங்கற்றது என்பன போன்ற சோதனைகள் யாவும் பொய். இந்நஞ்சு உடனே வேலை செய்வதில்லை. உண்டு 6 மணி நேரமோ அதற்கு மேலோ சென்றபின் வாந்தியும் பேதியும் தோன்றும். ஒரு நாள் கழித்து நோயாளி தேறிவிட்டதுபோல் காண்பார். அதற்குள் கல்லீரல் சிதையத் தொடங்கியிருக்கும். ஆகவே தேறிவிட்டார் என்று வீட்டில் வைத்திராமல் மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுதல் வேண்டும். உண்ட காளானில் எஞ்சியது இருப்பின் அதனையும் கொண்டு செல்வது நலம்.

இனிச் செய்முறையைக் காண்போம். புரதக் குறையை நீக்குவதற்குத் தில்லி வீடுகளின் அன்றாடப் பொருளாகிய ராஜ்மா மிகவும் பொருத்தமானது. நிறத்திலும் மாவுத் தன்மையிலும் அது காளானோடு நன்கு இசையும். ஆறு கட்லெட்டுகளுக்கு 75 கிராம் உலர்ந்த ராஜ்மா போதும். முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குக்கரில் நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த நஞ்சு ஒன்று உண்டு. நான்கைந்து மணிகள்கூடக் கடும் வாந்தியை விளைவிக்கும். கொதிநிலைக்குக் கீழாக நெடுநேரம் சூடேற்றினால் அது அழியாது. நன்கு கொதித்தாலே அழியும். வெந்த ராஜ்மாவை வடிகட்டி, தட்டில் பரப்பி, ஈரம் போக ஆறவிட்டு மசித்துக் கொள்ளலாம்.

காளான் 250 கிராம் எடுத்து விரைவாகக் கழுவித் துடைத்து, பொடியாக அரிந்து கொள்க. கழுவினால் காளான் நீரை உறிஞ்சிக் கெடும் என்ற அச்சம் மிகையானது. அதற்குள்ளேயே இருக்கும் நீரின் அளவுக்கு முன் கழுவிய நீர் ஒரு பொருட்டன்று. எண்ணெய் ஊற்றாத அகன்ற வாணலியில் அதனை இட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மிதமான தீயில் கிளறி வர வேண்டும். சில நிமிடங்களில் நீர் ஊறி வாணலி நிரம்பக் காண்போம். பெரும்பாலோர் இவ்விடத்திலேயே அவசரப்பட்டு இறக்கிவிடுகின்றனர். கட்லெட் கல்லில் உதிர்ந்து போவதற்கும், பன் நனைந்து பிசுபிசுப்பதற்கும் இதுவே முதற் காரணம். உடையும் கட்லெட்டுக்கு மேலும் மேலும் மாவைச் சேர்ப்பதால் சுவைதான் கெடும். நீர் முழுவதும் வற்றி, சலசலக்கும் ஓசை அடங்கி, காளான் வாணலியில் இலேசாக ஒட்டிப் பழுப்பேறும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அப்போது நிறுத்துப் பார்த்தால் எடை முன்னிருந்ததில் பாதியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பழுப்பேறத் தொடங்கியபின் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும், பொடியாக அரிந்த வெங்காயம் ஒன்றும், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயும் சேர்த்து வதக்கி இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு பிசைந்தால் ஆவி நீராகி மறுபடியும் கலவையை நனைக்கும்.

ஆறிய காளானுடன் மசித்த ராஜ்மா, மணம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்த கடலை மாவு 20 கிராம், ரஸ்க் தூள் 30 கிராம், கொத்தமல்லித் தழை, கரம் மசாலா, சிறிது ஆம்சூர் எனப்படும் மாங்காய்த் தூள், வேண்டிய உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும். தூள் ஈரத்தை ஈர்த்துக் கலவை இறுகுவதற்கு இவ்வோய்வு இன்றியமையாதது. பின்னர் ஆறு உருண்டைகளாக்கி, பன்னைவிடச் சற்று அகலமாகத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு ஒரு பக்கம் நன்கு முறுகிய பின்னரே திருப்புக. அடிப்புறம் முறுகுமுன் திருப்ப முயன்றால் எத்தகைய கலவையும் உடையவே செய்யும். பன்னை இரண்டாகப் பிளந்து உட்புறத்தைக் கல்லில் வாட்டி, புதினாச் சட்னியும் வெங்காய வட்டமும் தக்காளியும் வைத்து அளிக்கலாம். சட்னி கெட்டியாக இருத்தல் வேண்டும்.

இவ்வாறு செய்ததன் சத்துக் கணக்கு வருமாறு: காளானிலிருந்து 7 அல்லது 8 கிராம், ராஜ்மாவிலிருந்து 16 கிராம் அளவு, கடலை மாவும் ரஸ்க் தூளும் சேர்ந்து 7 கிராம் அளவு, ஆக ஆறு கட்லெட்டுகளில் 30 கிராமை ஒட்டிய புரதம், ஒன்றுக்கு 5 கிராம். பன்னையும் சேர்த்தால் 9 கிராம் ஆகலாம். காளானையும் உருளைக்கிழங்கையும் மட்டும் கொண்டு செய்தால் கட்லெட் ஒன்றுக்கு 2 கிராம்கூடத் தேறாது. 75 கிராம் ஆட்டிறைச்சிக் கொத்தில் செய்ததோ 15 கிராம் அளவு தரும். ஆயினும் ராஜ்மாவில் குறையும் மெதியோனினைப் பன்னின் கோதுமை ஓரளவு ஈடு செய்வதால், இந்த 9 கிராமின் தரத்தைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பி12 வைட்டமினுக்கு மட்டும் காளானை நம்புதல் தகாது. உடன் ஒரு குவளை மோரோ பாலோ அருந்துவது நன்று.

டி வைட்டமினைப் பொறுத்தவரை காளானுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டவுடன் டி2 வைட்டமினாக மாறுகின்றது. இருட்டறையில் வளர்ந்த காளானைச் சமைக்குமுன் அரிந்து, நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் பரப்பி வைத்தால் போதும். தில்லியில் பனியும் புகையும் வானை மூடிய நாட்களில் பயன் குறையும். தமிழ்நாட்டு வெயிலில் அக்குறை இல்லை.

தமிழ்நாட்டுக்குக் காளான் பயிர் புதியதுமன்று. கே. எம். தாமசும் அவர்தம் துணைவரும் கோயமுத்தூரில் வைக்கோல் காளானைப் பயிரிட்ட செய்தியை 1943லேயே வெளியிட்டனர். இமாசலத்துச் சோலனில் மொட்டுக் காளான் பணி தொடங்கியது 1961இல்தான். சமவெளி மாவட்டங்களில் இன்று எளிதில் கிடைப்பன சிப்பிக் காளானும் பால் காளானும் ஆகும். சிப்பிக் காளானை நாராகக் கிழித்துப் பின் அரிந்தால் மெல்லும் தன்மை மிகும். பால் காளானின் தடித்த தண்டை மிகப் பொடியாக நறுக்க வேண்டும். ராஜ்மாவுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ கொள்ளலாம்; அளவு மாறாது. பள்ளியில் தராசு இருப்பின், வாணலியில் இடுமுன்னும் இறக்கிய பின்னும் காளானை நிறுத்து, போன நீர் எவ்வளவு என்று மாணவரையே கணக்கிடச் செய்யலாம்.