கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்!

வீட்டில் "ஹரிதாஸ்" படம் ஓடுகிறது. தாத்தா கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார். பேரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்.

"ஏன் தாத்தா, இவர் இப்படி உச்சத்திலேயே பாடுகிறார்? கதை நகரவே மாட்டேன் என்கிறதே!"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் படத்தில் இல்லை. திருச்சியில் இருக்கிறது!

ரயில்வேயும் நாடகமும்

எம்.கே.தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர், திருச்சியில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டு ஏறியது. அந்தக் குரலைக் கேட்டு வியந்தவர் எப்.ஜி.நடேசய்யர். ரயில்வே அதிகாரி, அதைவிடப் பெரிய நாடகப் பித்தர். திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நடத்தி வந்தார். அதில் "அரிச்சந்திரா" நாடகம். பாலகன் லோகிதாசன் வேடம் சிறுவனுக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்து மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். அவருக்கும் கேட்க வேண்டும். ஆகவே நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். ஜனங்களும் பாட்டுக் கேட்கத்தான் வந்தார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதானே!

1934-ல் பாகவதரின் முதல் படம் "பவளக்கொடி" வந்தது. மேடையில் வெற்றி பெற்ற நாடகமே படமாயிற்று. அதில் ஏறத்தாழ 50 பாட்டுகள்! இன்றைக்கு அது அதிகப்படி. அன்றைக்கோ, குறைத்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

"ஹரிதாஸ்" 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பரிதாபம் என்னவென்றால், படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியைப் பாகவதர் சிறையில் கழித்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் மாட்டிக்கொண்டார். 1947-ல் விடுதலையானார். ஆனால் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1959-ல் காலமானார்.

சங்கிலியாண்டபுரத்துப் பையன்

அதே 1959-ல் இன்னொரு திருச்சிக் குரல் தமிழ்நாட்டை அதிர வைத்தது. படம் "வீரபாண்டிய கட்டபொம்மன்". நடிகர் சிவாஜி கணேசன்.

அவர் சிறுவயதில் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருந்தார். அங்கே பார்த்த கட்டபொம்மன் நாடகம்தான் மனத்தில் நடிப்பு ஆசையை மூட்டியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஆண்டுகள் கழிந்து, அதே கட்டபொம்மனை முதலில் மேடையில் நடித்தார்; பிறகு படத்தில் நடித்தார். 1960-ல் கெய்ரோ பட விழாவில் சிறந்த நடிகர் பரிசும் வந்தது.

"மிகையான நடிப்பு" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கண்ணும் கர்ஜனையும் நாடகக் கொட்டகையில் பழகியவை. அங்கும் கடைசி வரிசை இருந்தது!

ஒருவரே மூன்று பேர்

காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே இன்னும் பழைய நடிப்பு ஒன்று உண்டு. அதுதான் அரையர் சேவை. மார்கழி மாதத்துப் பகல்பத்து, இராப்பத்து நாட்களில், தலையில் உயரமான குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் வருவார். ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிப்பார்.

அதில் "முத்துக்குறி" என்று ஒரு கட்டம். பெருமாளை எண்ணி ஏங்கும் பெண்; கலங்கி நிற்கும் தாய்; முத்துகளை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி. மூன்று பேரும் ஒரே அரையர்! வேடம் மாற்றுவதில்லை. சேலையும் இல்லை, சிங்காரமும் இல்லை. பார்க்கிறவர்தான் மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். சினிமாவில் பழகிய கண்ணுக்கு முதல் நாள் கொஞ்சம் சிரமமே.

இருபத்திரண்டு வயது இளைஞர்

திருச்சி ரயில்வேயில் இன்னொருவரும் இருந்தார். அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். வரைபடம் வரையும் வேலை, சம்பளம் சொற்பம். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஓடும் படங்களுடன் திருச்சிக்கு வந்தார். நோய்வாய்ப்பட்டு, ஊர் திரும்ப நினைத்தார். வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பணம் புரட்டினார். கருவியையும் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டார்!

கூடாரம் அடித்து ஊர் ஊராக ஏசுநாதர் சரித்திரத்தைக் காட்டினார். பேச்சில்லாத படம். சுவரில் மனிதன் நடப்பதைப் பார்த்து ஜனங்கள் மலைத்தார்கள். பின்னர் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார்.

அந்த நாளைய தமிழ்ப் படங்கள் எங்கே? சென்னையில் எடுத்த முதல் ஊமைப்படம் "கீசக வதம்" இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" இல்லை. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த நாளைப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். பத்திரமாக வைக்காவிட்டால் தானாகவே பொடிந்தும் போகும். அரையர் சேவையோ, அப்பனிடமிருந்து மகனுக்கு வந்து, மார்கழி தோறும் நடக்கிறது.

"ஹரிதாஸ்" தப்பியது. பேரன் சிரிப்பதற்காவது அது இருக்கிறது!